கெய்ரோவில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சென்ற ஐந்து நாட்கள்

கெய்ரோவுக்குப் புறப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே என் நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிவைத்த முதல் வரி இது: "தஹ்ரீர் அருங்காட்சியகம். தங்க முகமூடி, அரச மம்மிகள். ஒரு முழு நாள்." அந்த வரியில் இருந்த இரண்டுமே, அதாவது பண்டைய எகிப்திய அரசன் துத்தன்காமனின் முகமூடியும் அரச மம்மிகளும், இப்போது அந்தக் கட்டடத்தில் இல்லை. அதை நான் அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். இருபத்தேழு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் நான். நைல் நதிக்கரை நாகரிகத்தைப் பாடப் புத்தகத்தின் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டியே நடத்தி முடித்தவள். எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓட்டில் "பானை ஒறி" (பானை வைக்கும் உறி) என்று தமிழ் பிராமியில் எழுதியிருப்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம், அந்த நாட்டை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில், 2026 ஜனவரியில், தனியாகவே சென்றேன். ஐந்து நாட்களில் ஏறத்தாழ ஒன்றரை நாளை வீணாக்கினேன். வேண்டாத வகையில் 2,770 எகிப்திய பவுண்டு கைவிட்டுப் போனது. ஒரு பவுண்டு அப்போது நம் பணத்தில் ஒரு ரூபாய் தொண்ணூறு காசு அளவில் இருந்தது என்பதால், அது 5,200 ரூபாய்க்குச் சற்று மேல். தொகையைவிட நேரத்தை இழந்ததுதான் இன்றும் மனத்தை அரிக்கிறது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் வியாழக்கிழமை. என் விடுதியிலிருந்து தஹ்ரீர் சதுக்கம் பத்து நிமிட நடை. காலை ஒன்பது மணிக்கு அருங்காட்சியகம் திறக்கும் என்பதால் எட்டே முக்காலுக்குப் புறப்பட்டேன். சதுக்கத்தை அடைவதற்குச் சற்று முன்பு, நன்றாக உடுத்திய நடுவயதுக்காரர் ஒருவர் சாலையைக் கடக்க எனக்குக் கைகாட்டி உதவினார். இந்தியாவா என்று கேட்டார், அமிதாப் பச்சனின் பெயரைச் சொன்னார், தாம் அருங்காட்சியகத்திலேயே வேலை பார்ப்பதாகவும் கூறினார். இன்று காலை பத்தரை வரை குழுக்களுக்கு மட்டுமே அனுமதி என்றும், அதுவரை அருகில் இருக்கும் "அரசுப் பாப்பிரஸ் கூடத்தை" (பாப்பிரஸ் என்பது பண்டைய எகிப்தியரின் நாணல் தாள்) இலவசமாகப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. அவர் பேச்சில் அவ்வளவு மரியாதை இருந்தது. கூடம் என்பது ஒரு கடை. செம்பருத்தித் தேநீர் வந்தது, நாற்காலி வந்தது, என் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதித் தருகிறோம் என்றார்கள். எழுதி முடித்த பிறகு அதை வாங்காமல் எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஓவியங்களுக்கு 1,800 பவுண்டு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று. வாங்கியவை பாப்பிரஸ் கூட அல்ல, வாழைநாரில் செய்தவை என்று விடுதிக்காரர் அன்று இரவு எனக்குச் சொன்னார். உண்மையான பாப்பிரஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்தால், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய நார்ப்பட்டைகள் தெரியும். மெல்ல வளைத்தால் அது எளிதில் ஒடியாது. என்னுடையது விளிம்பிலேயே வெடித்தது.

இதில் நான் கற்றது ஒன்றே. நீங்கள் போகும் இடம் மூடியிருக்கிறது, இன்னும் திறக்கவில்லை, வாசல் வேறு பக்கம் என்று தெருவில் தாமாக வந்து சொல்பவரின் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாசல் வரை நடந்து சென்று, அங்கே சீருடையில் இருக்கும் காவலரிடம் கேட்டால் போதும். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தால் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது உரையாடலாகிவிடும். நம் ஊரில் வழி கேட்டவருக்குக் கூடவே நடந்து வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போகும் மனிதர்களிடையே வளர்ந்தவர்களுக்கு இப்படி முகம் திருப்பிச் செல்வது கடினம்தான். எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. அதே கெய்ரோவில், என் கையைப் பிடித்து ஆறு வழிச் சாலையைக் கடத்திவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்ட ஒரு கல்லூரிப் பெண்ணையும் நான் சந்தித்தேன் என்பதால், அந்த நகரத்து மக்களைப் பற்றி இதைப் பொதுப்படச் சொல்ல மாட்டேன். சுற்றுலாத் தலங்களின் வாசலை ஒட்டிய இருநூறு அடி தூரத்துக்கு மட்டுமே இந்த எச்சரிக்கை.

அருங்காட்சியகச் சீட்டு வாங்கும் இடத்தில்தான் அன்றைய இரண்டாவது அடி விழுந்தது. வெளிநாட்டவருக்கு 550 பவுண்டு. நான் ரொக்கத்தை எடுத்து நீட்டினேன். அட்டை மட்டுமே என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் தலையசைத்தார். எகிப்தின் பெரிய அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் தலங்களிலும் இப்போது விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டைகளின் வழியாகவே கட்டணம் செலுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று ரூபே அட்டை. அதை இயந்திரம் ஏற்கவில்லை. இன்னொன்று விசா டெபிட் அட்டை. அது "மறுக்கப்பட்டது" என்று வந்தது. கணக்கில் பணம் இருந்தும் ஏன் மறுத்தது என்பதை அன்று மதியம்தான் புரிந்துகொண்டேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல், நம் வங்கி அட்டைகள் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் தாமாகத் திறந்திருப்பதில்லை. உரிமையாளரே வங்கிச் செயலியிலோ வேறு வழியிலோ அதை இயக்க வேண்டும், நாள் வரம்பையும் அங்கேயே அமைக்க வேண்டும். விடுதிக்குத் திரும்பி வைஃபையில் செயலியைத் திறந்தால், பதிவு செய்த சிம் இந்தத் தொலைபேசியில் இல்லை என்று அது உள்ளே விட மறுத்தது. எகிப்து சிம்மைப் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்திருந்தேன். இரண்டாம் சிம்முக்கான இடத்தில் மெமரி கார்டு இருந்தது. கட்டிலின் மேல் உட்கார்ந்து, காதுத் தோட்டின் கம்பியால் சிம் தட்டைத் திறந்து மாற்றிக்கொண்டிருந்தபோது என் கை நடுங்கியது. கண்ணீரும் வந்தது. அறுபது வயதில் தனியாக இந்தத் தூரம் வந்தது தவறோ என்று அப்போது நினைத்தேன்.

மூன்று மணிக்கு மீண்டும் சென்றேன். அட்டை வேலை செய்தது. மூடும் நேரம் ஐந்து. இரண்டு மணி நேரத்தில் முகமூடியையும் மம்மிகளையும் மட்டும் பார்த்துவிடலாம் என்று மாடிக்கு ஓடினேன். மம்மிகள் எங்கே என்று ஒரு காவலரிடம் கேட்டேன். "ஃபுஸ்தாத்" என்றார். துத்தன்காமன்? "கீஸா" என்றார். 1902-ல் திறந்த அந்த இளஞ்சிவப்புக் கட்டடத்தில் நூறாண்டுகளாக இருந்தவை மூன்று இடங்களாகப் பிரிந்துவிட்டன. அரசர் பதினெட்டுப் பேரும் அரசியர் நால்வருமாக 22 அரச மம்மிகள் 2021 ஏப்ரல் 3 அன்று ஊர்வலமாகக் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டன. துத்தன்காமனின் கல்லறைப் பொருட்கள் ஏறத்தாழ அனைத்தும் கீஸாவில் பிரமிடுகளுக்கு அருகே 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நான் குறிப்பெடுத்த வழிகாட்டி நூல் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு. நூலின் பிழை ஒன்றும் இல்லை. பழைய நூலை வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிட்டது என் பிழை. ஆகவே புறப்படுவதற்கு முன்பு, "எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்" என்று பட்டியலிடுவதைவிட, எந்தப் பொருளைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதி, அது இன்று எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தஹ்ரீரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஏமாற்றத்தோடு கீழே இறங்கியவள், அரசர் நார்மரின் பலகைக்கு முன் வந்து நின்றேன். தெற்கே இருந்த மேல் எகிப்தையும் வடக்கே இருந்த கீழ் எகிப்தையும் ஒருவரே ஆண்டதைக் காட்டும், ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடைய கல். ஒரு பக்கத்தில் மேல் எகிப்தின் வெள்ளைக் கிரீடம், மறு பக்கத்தில் கீழ் எகிப்தின் சிவப்புக் கிரீடம். எத்தனை வகுப்புகளில் இதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்! இரண்டு பக்கத்தையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். மாபெரும் பிரமிடைக் கட்டிய கூஃபுவின் முழு உருவச் சிலையாக நமக்குக் கிடைத்திருப்பது ஏழரை சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தந்தப் பொம்மைதான். அதுவும் இங்கே இருக்கிறது. தானிஸில் கிடைத்த அரசர் முதலாம் சூசென்னெஸின் தங்க முகமூடிக்கு முன் அன்று மாலை என்னைத் தவிர யாரும் இல்லை. கூட்டம் முழுவதும் கீஸாவுக்குப் போய்விட்டதால் இந்தப் பழைய கட்டடத்தில் அமைதியாக நின்று பார்க்க முடிகிறது. இரண்டு மணி நேரம் போதவே இல்லை. காலையில் அந்தக் கடையில் கழித்த நேரத்தை நினைத்து அங்கேதான் உண்மையில் வருந்தினேன்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை என்பதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. எகிப்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகையின்போது பள்ளிவாசல்களைப் பார்வையாளர்கள் பார்க்க முடியாது. நான் பதினொன்றரைக்குச் சுல்தான் ஹசன் பள்ளிவாசலின் முன் போய் நின்றேன். வாசலில் இருந்தவர் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார். அது வழிபாட்டு இடம், காட்சிக்கூடம் அல்ல. அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருக்கக் கூடாது. வெள்ளியன்று காலையில் கடைத்தெருக்களும் பெரும்பாலும் அடைத்திருக்கும் என்பதால், அந்த நாளில் முற்பகலை அருங்காட்சியகத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கு மேல் பள்ளிவாசல்களுக்கும் ஒதுக்குவதே சரி. நான் நிழலில் உட்கார்ந்து காத்திருந்து இரண்டு மணிக்கு உள்ளே சென்றேன். 1356-ல் தொடங்கிய கட்டடம் அது. நுழைவாயிலிலிருந்து இருண்ட வளைந்த நடைவழி வழியாக நடந்து, சட்டென்று வெயில் கொட்டும் முற்றத்தில் கால் வைத்தபோது, காத்திருந்த அலுப்பு முழுவதும் நீங்கியது. முற்றத்தின் நான்கு பக்கமும் நான்கு பெரும் வளைவு மண்டபங்கள், இஸ்லாமியச் சட்டத்தின் நான்கு மரபுகளுக்கும் ஒவ்வொன்று. கட்டுமானத்தை அறிய விரும்புகிறவர்கள் ஒரு மணி நேரமாவது இங்கே ஒதுக்க வேண்டும்.

அங்கிருந்து 879-ல் கட்டி முடிந்த இப்னு தூலூன் பள்ளிவாசலுக்கு நடந்தேன். கெய்ரோ என்ற நகரம் 969-ல் தோன்றுவதற்கே முந்தையது அது. இந்த இரண்டு இடங்களிலும், செருப்பைப் பார்த்துக்கொண்டவர், காலுக்கு உறை மாட்டிவிட்டவர், பூட்டிய கதவைத் திறந்து காட்டுகிறேன் என்று அழைத்துப் போனவர் என்று ஐந்து பேருக்கு மொத்தம் 450 பவுண்டு கொடுத்தேன். இனாம் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அந்த வருமானத்தை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. என்னிடம் சில்லறை இல்லாததால்தான் நூறு, நூறாகப் போனது. பத்துப் பவுண்டு, இருபது பவுண்டுத் தாள்களை முதல் நாளே மாற்றித் தனிப் பையில் வைத்துக்கொண்டு, கேட்ட தொகையைக் கொடுக்காமல் நீங்கள் முடிவு செய்த தொகையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் போதும். கழிப்பறைக்கும் இந்தத் தாள்கள் வேண்டும். துப்பட்டா ஒன்று கையோடு இருப்பதும், எளிதில் கழற்றக்கூடிய செருப்பு அணிந்திருப்பதும் நல்லது. சேலையில் சென்ற எனக்கு உடையைப் பற்றி எந்தச் சிக்கலும் வரவில்லை.

மூன்றாம் நாளை இன்னும் நினைக்க விரும்பவில்லை. கீஸாவில் உள்ள மாபெரும் அருங்காட்சியகத்துக்கு நேரில் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று என் பயண முகவர் சொல்லியிருந்தார். போக்குவரத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஊர்ந்து அங்கே இறங்கியபோது, நுழையும் நேரத்தைக் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று தெரிந்தது. அன்று சனிக்கிழமை, அவர்களுக்கு விடுமுறை. அன்றைய இடங்கள் நிரம்பியிருந்தன. மறுநாளைக்கும் இல்லை. திங்கட்கிழமை காலை இருந்தது. அன்று மாலைதான் என் விமானம். அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்யத் தொடங்கினேன். பணம் செலுத்தும் பக்கம் வங்கியின் ஓடிபியைக் கேட்டது. ஓடிபி வருவது இந்திய எண்ணுக்கு. அந்தச் சிம் மறுபடியும் பணப்பையில். எடுத்துப் பொருத்தினேன், இணையம் போய்விட்டது, பக்கமும் போய்விட்டது. ரோமிங் இயக்கப்படாததால் அந்த சிம்முக்கு அலைவரிசையும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு காபிக் கடையின் வைஃபை வழியாகச் சென்னையில் இருக்கும் மகனை அழைத்தேன். அவன், "அம்மா, பதறாதீங்க, நான் ரோமிங் பேக் போடுறேன்" என்று சொல்லி ரீசார்ஜ் செய்து, ஓடிபி வந்து, சீட்டு உறுதியானபோது பிற்பகல் இரண்டு மணி. சீட்டு 1,450 பவுண்டு. வீணான டாக்சிப் பயணங்களுக்கு 520 பவுண்டு.

எனவே இந்தியாவிலிருந்து செல்கிறவர்கள், ஊரில் இருக்கும்போதே, ஓடிபி தடையின்றி வரும் இடத்தில் உட்கார்ந்து, அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே சீட்டை எடுத்துவிடுங்கள். இந்திய சிம்மை எக்காரணம் கொண்டும் கழற்ற வேண்டாம். குறைந்த விலை ரோமிங் பேக் ஒன்றைப் போட்டு, மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டு, அந்த ஊர் சிம்மை இரண்டாம் இடத்தில் போடுங்கள். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்து, வேறு வேறு பைகளில் வையுங்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து வீட்டில் ஒரு மாலை நேரம்தான் பிடிக்கும்.

நான்காம் நாள் ஞாயிறு. ஃபுஸ்தாத் அருங்காட்சியகத்துக்குத் திறக்கும் நேரத்திலேயே சென்றேன். மேல்தளத்தில் எகிப்தின் நாகரிகம் முழுவதையும் கால வரிசையில் காட்டும் பெரிய மண்டபம் இருந்தாலும், நான் நேராகக் கீழே அரச மம்மிகளின் கூடத்துக்கு இறங்கினேன். சுவர்கள் கறுப்பு. சாய்வான வழியில் இறங்க இறங்க வெளிச்சம் குறைகிறது. கல்லறைக்குள் போவது போலவே அதை அமைத்திருக்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது, உரத்துப் பேசவும் கூடாது. அந்த விதி சரியானது என்று உள்ளே போன உடனே தோன்றும், ஏனென்றால் அங்கே கிடப்பவர்கள் மனிதர்கள். அரசர் செக்கெனென்ரேயின் மண்டையில் போர்க்கோடரி பிளந்த காயங்கள் அப்படியே இருக்கின்றன. அறுபத்தாறு ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்செஸின் தலையில் செம்மஞ்சள் நிறத்தில் முடி இருக்கிறது. ஹத்ஷெப்சுத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். பெண்ணொருத்தி அரசனுக்குரிய பட்டங்களுடன் ஆண்டாள் என்று நான் சொல்லும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த முகங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. இந்தக் கூடத்துக்குக் காலை முதல் மணி நேரமே ஏற்றது; பதினோரு மணிக்குப் பள்ளிக் குழந்தைகளின் வரிசை தொடங்கிவிட்டது.

பிற்பகலில் அருகிலேயே இருக்கும் பழைய கெய்ரோவுக்குச் சென்றேன். மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்திற்கு எதிரேயே 1910-ல் திறந்த காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) அருங்காட்சியகமும் தொங்கும் தேவாலயமும் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடமும் இருப்பதால் அரை நாளில் நடந்தே பார்க்கலாம். பென் எஸ்ராவின் கெனிஸா என்னும் பழைய ஏட்டறையில் கிடைத்த ஆவணங்களில், 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்தவர்களின் கடிதங்களும் உண்டு. ஏடுகள் இப்போது அங்கே இல்லை. ஆனாலும் நம் கரையின் செய்தி வந்து சேர்ந்த இடம் என்பதற்காக அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது மெட்ரோவில் வந்தேன். ரயிலின் நடுவில் பெண்களுக்கென்று பெட்டிகள் உண்டு. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு டாக்சியைவிட அது எளிது, விரைவு. பேரம் பேசவும் வேண்டாம்.

ஐந்தாம் நாள், பெட்டியை விடுதியில் கட்டி வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கீஸாவின் வாசலில் நின்றேன். உள்ளே முதலில் வரவேற்பவர் இரண்டாம் ராம்செஸ், எண்பது டன்னுக்கு மேல் எடையுள்ள கல் உருவமாக. முந்தின நாள் அவருடைய உண்மையான முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு அந்தச் சிலையைப் பார்த்ததும் நெஞ்சு கனத்தது. துத்தன்காமனின் கூடத்தில் கூட்டம் நெருக்கியது. முகமூடிக்கு முன் சில நிமிடங்களே நிற்க முடிந்தது. நான் அதிக நேரம் செலவிட்டது அவனுடைய செருப்புகளுக்கும் கைத்தடிகளுக்கும் முன்னால்தான். பதின்ம வயதுப் பையன் ஒருவன் நடந்த சுவடு அவற்றில் இருக்கிறது. இந்த அருங்காட்சியகத்துக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். எனக்கு நான்கரை மணி நேரம் இருந்தது. கூஃபுவின் தேவதாரு மரப் படகு, 42 மீட்டருக்கு மேல் நீளமுள்ளது, தனிக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. விமான நிலையம் நகரின் மறுகோடியில் இருப்பதால் டாக்சியை ஒன்றே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தேன். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டியிருப்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். முன்முனையிலிருந்து பாதித் தூரம்தான் நடந்திருப்பேன், ஓட்டுநரின் அழைப்பு வந்துவிட்டது.